பவளப்பாறையில் மூச்சே சுக்கான்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்கோடியில், கீ லார்கோ தீவுக்கு எதிரே கடலுக்குள் கிடக்கிறது ஃபிரெஞ்ச் ரீஃப். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் பாறை வளைவுகளுக்குப் பேர்போன பவளத்திட்டு. ஆழம் பெரும்பாலும் 5 முதல் 12 மீட்டர்தான். ஆனால், காற்றுக்கலனுடன் முக்குளிக்கும் ஸ்கூபாவில் மூச்சை மிகக் கவனமாகக் கையாள வேண்டியது இந்த ஆழத்தில்தான்.

காரணம் அழுத்தம். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறினால், நுரையீரலில் அடைத்த காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும்; 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்காகும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியலாம். சில மீட்டர் ஏற்றமே போதும்.

1943இல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய ரெகுலேட்டர், நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்று தருகிறது. அந்தக் காற்றை இழுத்தால் உடல் மெல்ல எழும், விட்டால் தாழும். காற்றடைத்த சட்டையில் மிதப்பைச் சரிசெய்த பிறகு, சிறு ஏற்ற இறக்கங்களுக்கு மூச்சுதான் சுக்கான்.

ஃபிரெஞ்ச் ரீஃபில் பவள மேடுகள் விரல்களைப் போல ஆழ்கடல் நோக்கி நீள்கின்றன. இடையில் மணல் வாய்க்கால்கள். அடுத்தடுத்த மேடுகள் வளர்ந்து மேலே ஒட்டிக்கொண்ட இடங்களில் வாய்க்கால் குடைவழியாகிறது. உள்ளே செம்பு நிறச் சிறுமீன் கூட்டம் நிழலில் ஒதுங்கியிருக்கும். இடுக்கில் சிங்கி இறாலின் மீசை நீண்டிருக்கும். பவளக் கட்டியில் ஒரு புழு, விரல் நுனி அளவில், இரண்டு சுருள் விசிறிகளை விரித்துச் சுவாசிக்கும், இரை பிடிக்கும். நிழல் விழுந்தாலோ நீர் அதிர்ந்தாலோ நொடியில் குழாய்க்குள் சுருங்கிவிடும். அசையாமல் மிதப்பவர்களுக்கே அது மீண்டும் விரியும்.

மிதப்பில் தடுமாறுபவரின் கால்துடுப்பு கிளப்பும் மணல், பவள உயிரிகளை மூடித் திணறடிக்கும். இடித்தால், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் பவளங்கள் உடையும். 2023 கோடையின் கடல் வெப்பத்தில் ஃபுளோரிடாவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. பிழைத்தவற்றுக்கு இனி ஒரு கீறலும் கூடாது.

ஆகவே முதலில் குடைவழிக்கு வெளியே, மணல் பரப்பின் மேல், கையும் காலும் ஆட்டாமல் ஒரே உயரத்தில் நின்று பாருங்கள். நிற்க முடிந்தால் உள்ளே போகலாம். முடியாவிட்டால் வளைவுக்கு மேலாக நீந்துங்கள். பார்க்க அங்கும் மீன்கள் ஏராளம்.