வீட்டுக்குள் கிடைக்காத பாடம்

அமெரிக்காவிலே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க, 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் நாடகக் குழுக்கள் பகலிலே வகுப்பு நடத்துகின்றன. மாலைவரை பூட்டிக் கிடந்த அரங்கு காலையிலே கலகலக்கிறது! ஏன்? ஏட்டைத் தாய் கற்பிக்கலாம். எதிரே நிற்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்க, பத்துப்பேரோடு ஒத்து அடியெடுத்து வைக்க, கடைசி வரிசைக்கும் கேட்கக் குரலெடுக்க, தாய் ஒருத்தி போதுமா?

வீட்டுக்கல்வி என்றதும் நமக்கு 1953 நினைவு வருகிறது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார் ஆச்சாரியார். நம்மவர் போராடினர், 1954-இல் திட்டம் தொலைந்தது. ஆகவே வீட்டுக்கல்விக்கு நாம் மாலை சூட்டமாட்டோம். மேடைக்குச் சூட்டுவோம், மேடையிலே வளர்ந்த இயக்கமல்லவா! ஆனால் தோழர்களே, பகலிலே பள்ளியிலிருக்கும் பாட்டாளி மகனுக்கு அந்த அரங்கின் கதவு எப்போது திறக்கும்?