கைப்பிள்ளைக்கு மல்லாந்த படுக்கையே காவல்

தாய்மார்களே, தகப்பன்மார்களே, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களே! இந்த முறை நமது சுகாதாரப் பகுதியில் மருந்தைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு காசும் செலவில்லாத காரியம் ஒன்றைப் பற்றி எழுதுகிறோம். கைப்பிள்ளையைத் தூங்க வைக்கும்போது எப்படிப் படுக்க வைப்பது என்பதுதான் அது.

"இதுல என்னங்க இருக்கு? பிள்ளை எப்படித் தூங்குதோ அப்படியே தூங்கட்டுமே" என்று சிலர் கேட்கலாம். அப்படி விட்டுவிடக் கூடாது. பிறந்தது முதல் ஒரு வயது நிறையும்வரை பிள்ளையை மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். இரவுத் தூக்கமானாலும் பகல் தூக்கமானாலும் அப்படித்தான். அம்மா படுக்க வைத்தாலும் ஆயா படுக்க வைத்தாலும் அப்படித்தான். குப்புறவும் வேண்டாம், ஒருக்களித்தும் வேண்டாம். இதனால் ஒரு பிள்ளையின் உயிர் தப்பலாம்.

தூக்கத்திலேயே போகும் உயிர்

காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நன்றாகப் பால் குடித்து, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை. தூங்கப் போட்ட பிள்ளையைச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மூச்சில்லை. டாக்டர்கள் உடலைச் சோதித்துப் பார்த்தும் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'தொட்டில் சாவு'. டாக்டர்கள் சுருக்கமாக 'சிட்ஸ்' என்பார்கள்.

நம்மவர்கள் இதைப் 'பேய் அடித்தது' என்றும் 'கண்ணேறு' என்றும் சொல்லிவிடுவதுண்டு. சில வீடுகளில் பெற்றவள் மேலேயே பழியைப் போடுவார்கள். இரண்டும் தவறு. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல இது. ஆனால் இந்த ஆபத்தைப் பெருமளவுக்குக் குறைக்கும் வழி இன்று தெரிந்திருக்கிறது.

முதல் ஆறு மாதத்துக்குள்தான் இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை நடக்கின்றன. அதிலும் இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம்வரை ஆபத்து உச்சத்தில் இருக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும், பீடி சிகரெட் புகை படும் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

குப்புறப் படுத்தால் என்ன கெடுதல்?

குப்புறப் படுத்த பிள்ளையின் மூக்கும் வாயும் துணியை ஒட்டியே இருக்கும். விட்ட மூச்சு வெளியே போகாமல் அங்கேயே தேங்கும். அந்தக் கெட்ட காற்றையே பிள்ளை திரும்பத் திரும்ப இழுக்கும். உடம்புச் சூடும் சரியாக வெளியேறாது.

பெரியவர்களுக்கு மூச்சு முட்டினால் தூக்கத்திலேயே புரண்டு படுப்போம், இல்லையென்றால் விழித்துக்கொள்வோம். கைப்பிள்ளைக்குத் தலையைத் தூக்கித் திருப்பும் பலம் இல்லை. போதாததற்கு, குப்புறப் படுத்த பிள்ளை ஆழ்ந்து தூங்கும், லேசில் விழிக்காது. "குப்புறப் போட்டா நல்லா அசந்து தூங்குது" என்று சந்தோஷப்படுகிறோம் அல்லவா? ஆபத்தே அந்த அசந்த தூக்கத்தில்தான் இருக்கிறது.

டாக்டர்களே மாற்றிச் சொன்ன காலம்

"அந்தக் காலத்துல ஆஸ்பத்திரியிலேயே குப்புறப் போடச் சொன்னாங்களே" என்று சில பாட்டிமார்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் டாக்டர் பெஞ்சமின் ஸ்போக் எழுதிய பிள்ளை வளர்ப்புப் புத்தகம் உலகமெங்கும் விற்றது. 1950-களில் வந்த பதிப்புகளில் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று அவர் எழுதினார். மல்லாந்து படுத்த பிள்ளை வாந்தி எடுத்தால் புரையேறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பல நாடுகளில் டாக்டர்களும் தாதிகளும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள்.

குப்புறப் போடும் பழக்கம் பரவிய நாடுகளில் தொட்டில் சாவும் கூடியது. 1985-ல் ஹாங்காங்கில் இருந்த டாக்டர் ஒருவர், அங்கே தொட்டில் சாவு மிக அபூர்வம் என்று எழுதினார். அங்கே சீனத் தாய்மார்கள் பரம்பரையாகவே பிள்ளைகளை மல்லாத்திப் போடுகிறவர்கள்! 1980-களின் பிற்பகுதியில் ஹாலந்திலும் நியூசிலாந்திலும் ஆராய்ந்தவர்களும் அதே முடிவுக்கு வந்தார்கள்.

பிறகு 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் 'பிள்ளையை மல்லாத்திப் போடுங்கள்' என்று பெரிய பிரச்சாரமே நடந்தது. பிரிட்டனில் சில ஆண்டுகளிலேயே தொட்டில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதியானது. புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளையைப் புரட்டிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

2005-ல் ஆராய்ச்சியாளர்கள் பழைய கணக்குகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். குப்புறப் போடுவது ஆபத்து என்பதற்கான சான்று 1970-லேயே இருந்திருக்கிறது. அதைக் கவனித்துச் சொல்லியிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதினார்கள். ஆகவே பாட்டிமார்களே, நீங்கள் கேட்டது படித்தவர்கள் சொன்னதைத்தான். அது உங்கள் குற்றமில்லை. ஆனால் இனிமேல் புதிதாகத் தெரிந்ததைச் செய்வோம்.

"புரையேறிப் போகாதா?"

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில்: போகாது. தொண்டைக்குள்ளே இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று மூச்சுக்குழாய், மற்றொன்று உணவுக்குழாய். பிள்ளை மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். பிள்ளை அதை விழுங்கிவிடும், அல்லது கடைவாய் வழியாக வழியவிடும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் கீழே வருகிறது, கக்கிய பால் அதன் வாயிலேயே தேங்குகிறது.

அடிக்கடி பால் கக்கும் பிள்ளைக்கும் இதே முறைதான். பால் கொடுத்தவுடன் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்து, பிறகு மல்லாத்திப் படுக்க வையுங்கள். டாக்டர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி செய்யுங்கள்.

"சரி, ஒருக்களிச்சுப் போடலாமா?" அதுவும் வேண்டாம். ஒருக்களித்த பிள்ளை கொஞ்சம் அசைந்தாலும் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

"மண்டை தட்டையாப் போயிடுமே?" விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தினமும் இரண்டு மூன்று தடவை சில நிமிடம் பிள்ளையைக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கழுத்தும் தோளும் பலப்படும், மண்டையும் உருண்டு வரும். மல்லாத்திப் படுக்க வைக்கும்போது தலையை ஒரு நாள் வலப்பக்கமும் மறுநாள் இடப்பக்கமும் திருப்பி வையுங்கள். இதற்காகக் கடுகுத் தலையணை வேண்டாம். தட்டையான மண்டை பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும்.

எதில் படுக்க வைப்பது?

விலை உயர்ந்த கட்டிலோ மெத்தையோ வாங்க வேண்டியதில்லை. தரையில் ஒரு பாய், அதன்மேல் சுருக்கமில்லாமல் விரித்த மெல்லிய துணி. அது போதும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். பெரியவர்கள் படுக்கும் இலவம்பஞ்சு மெத்தையிலும், சோபாவிலும் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள். முகம் அமுங்கிப் போகும்.

பிள்ளையின் படுக்கையில் தலையணை, அணைத்தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். பிள்ளை திடுக்கிடாமல் இருக்க, பச்சைப்பயற்றுத் தோல் அடைத்த சிறு தலையணையை நெஞ்சின்மேல் வைக்கிறார்கள். அந்தப் பாரம் பிள்ளைக்கு வேண்டாம். காவலுக்கு இரும்பு வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதைப் படுக்கையில் வைக்காமல், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் சுவரில் மாட்டுங்கள். கழுத்தில் கட்டிய கயிறு, தாயத்து, சங்கிலி ஆகியவற்றைத் தூங்கும் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

நம் ஊர் வெப்பத்துக்குக் கம்பளிக் குல்லாவும் காலுறையும் எதற்கு? பிள்ளையின் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தாலோ சுட்டாலோ ஒரு துணியைக் குறையுங்கள். வீட்டுக்குள் தூங்கும் பிள்ளைக்குக் குல்லா வேண்டாம். கொசுவலை அவசியம்தான். வலை முகத்தில் படாதபடி இழுத்துக் கட்டுங்கள்.

அடுத்தது ஏணை. சேலையில் ஏணை கட்டித் தாலாட்டுவது நம் பரம்பரை வழக்கம். ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலும் இன்று பல வீடுகளில் ஆடுகிறது. பிள்ளை அழுதால் ஏணையில் போட்டு ஆட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஏணைக்குள் பிள்ளையின் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டும், துணி இருபக்கமும் முகத்தை மூடும். ஆகவே கண் அசந்ததும் எடுத்துப் பாயில் மல்லாத்திப் போடுங்கள். பிள்ளையை எடுத்த பிறகு ஏணைத் துணியை முடிச்சிட்டு மேலே தூக்கிக் கட்டுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடினால், கழுத்தில் துணி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஒரே அறை, தனிப் படுக்கை

முதல் ஆறு மாதமாவது பிள்ளை அம்மா படுக்கும் அறையிலேயே தூங்க வேண்டும். ஆனால் தனிப் பாயில். அம்மா பாய்க்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் பிள்ளையின் பாயை விரியுங்கள். நடுராத்திரியில் எடுத்துப் பால் கொடுக்கவும் வசதியாக இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து குறைவு. அண்ணன் அக்காமார்களைக் கைப்பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். தூக்கத்தில் காலைப் போட்டுவிடுவார்கள்.

தகப்பன்மார்களுக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்காதீர்கள். "ஜன்னலோரமா நின்னுதானே பிடிக்கிறேன்" என்பது சமாதானம் ஆகாது. அதேபோல் சம்சு, பீர் எதுவானாலும், குடித்துவிட்டு வந்த இரவு பிள்ளையின் பக்கத்தில் படுக்கவே படுக்காதீர்கள். போதையில் கை கால் எங்கே விழுகிறது என்பது தெரியாது. தூக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு

மலேசியாவில் முன்பெல்லாம் பேறுகால விடுப்பு 60 நாள்தான். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாளாக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 98 நாள் என்பது மூன்று மாதமும் சில நாளும். பிரசவத்துக்கு முன்பே சில நாள் எடுத்திருந்தால், வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு மூன்று மாதம்கூட நிறைந்திருக்காது. தொட்டில் சாவின் ஆபத்து உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில்தான் நாம் பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறோம்!

இதில் இன்னொரு முக்கிய விஷயம் உண்டு. வீட்டில் எப்போதும் மல்லாந்தே தூங்கிப் பழகிய பிள்ளையைப் புதிதாக ஒருவர் குப்புறப் போட்டால், அந்தப் பிள்ளைக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. பழக்கமில்லாத படுக்கை அல்லவா? ஆகவே "நான் வீட்டுல சரியாத்தான் போடுறேன்" என்று இருந்துவிட முடியாது.

பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆயாம்மா, எம்பிள்ளைய மல்லாக்கத்தான் போடணும். ஒருக்களிச்சும் வேணாம். தலகாணி வேணாம். ஏணையில தூங்கிட்டா எடுத்துப் பாயில போடுங்க." சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பல பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கும் ஆயாவுக்கு அழுகிற பிள்ளையைக் குப்புறப் போட்டு அமர்த்தத் தோன்றுவது இயல்பு. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர் கைவிடமாட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியாரானாலும் பக்கத்து வீட்டு அக்காவானாலும் இதையேதான் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக் குழந்தைக் காப்பகம் முதலாளி போடும் பிச்சை அல்ல. தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பகங்களையும் சேர்த்தே பேசுகிறது. உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் பாய் போட இடமில்லை, இருக்கிற பிள்ளைகளுக்கு ஓர் ஆயா போதவில்லை என்றால், பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். கிளைத் தலைவரிடம் சொல்லி நிர்வாகத்தின் காதில் போடச் செய்யுங்கள்.

பிள்ளை குப்புற விழுந்த பிறகு

நான்கு ஐந்து மாதத்தில் பிள்ளை தானாகவே குப்புற விழும். வீடே கொண்டாடும் நாள் அது! அதுவரை துணியில் சுற்றித் தூங்க வைத்திருந்தால், புரள முயற்சி செய்யும்போதே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். கை கட்டப்பட்ட பிள்ளை கவிழ்ந்தால் மீள முடியாது. அதன் பிறகும் படுக்க வைக்கும்போது மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறவும் மல்லாக்கவும் இருபக்கமும் தானாகப் புரளத் தெரிந்துவிட்டால், தூக்கத்தில் அது புரண்டு படுப்பதை நீங்கள் ராத்திரியெல்லாம் விழித்திருந்து திருப்பிப் போட வேண்டியதில்லை.

பிள்ளையின் மூச்சில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடம்பு துவண்டு போனாலோ 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்காதீர்கள். உடனே 999-க்கு அழையுங்கள். மற்ற சந்தேகங்களைப் பிள்ளைக்கு ஊசி போடப் போகும்போது கிளினிக் தாதியிடம் கேளுங்கள்.

தாய்மார்களே! இதைப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆயாக் கொட்டகைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்து லயத்தில் பச்சை உடம்புக்காரி இருந்தால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். மல்லாந்த படுக்கை, கெட்டியான பாய், புகையில்லாத வீடு. இந்த மூன்றும் ஒவ்வொரு தூக்கத்துக்கும் இருக்கட்டும்.