மூச்சுவிடும் சுவர்கள்

பங்குத்தந்தையாகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய, நூறாண்டு கடந்த ஆலயம். அடிச்சுவரில் காரை பொரிந்து உதிர்வதைக் கண்டு, திருவிழாவுக்கு முன்பாக ஆளுயரத்துக்குச் சிமெண்ட் பூசச் செய்தேன். பங்கு மக்கள் மகிழ்ந்தனர்; நானும் மகிழ்ந்தேன். மூன்று மழைக்காலம் போவதற்குள் ஈரம் சிமெண்ட் பூச்சுக்கு மேலே ஏறி, சுரூபம் வைத்த மாடத்தை எட்டிவிட்டது. பூச்சைப் பெயர்த்தபோது உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. "சாமி, சுவருக்கு மூச்சை அடைச்சுட்டோம்" என்றார் முதிய கொத்தனார் ஒருவர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சம்பா வயல்களில் நீர் நிற்கும் மாதங்களில் நம் மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். சுண்ணாம்புக் காரை அதனைக் காற்றில் வெளியேற விடும். உப்புப் பூத்து உதிர்வது காரைதான்; செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட்டோ வழியை அடைத்துவிடுகிறது. உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லை உடைக்கிறது. நான் நோய் என்று எண்ணியது, உண்மையில் சுவரின் தற்காப்பு!

இதனைச் சரிவரச் செய்த இடம் நம் கடலோரத்திலேயே உண்டு. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் டேனியர் தரங்கம்பாடியில் எழுப்பிய செங்கற்கோட்டை, உப்புக்காற்றை இன்றும் எதிர்த்து நிற்கிறது. 1845-இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை 2001-ஆம் ஆண்டளவில் புதுப்பிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், டேனிய ஆளுநர் மாளிகையும் பழைய வீடுகள் சிலவும் சுண்ணாம்புக் காரை கொண்டே செப்பனிடப்பட்டன.

அக்காரை செய்யும் முறை பொறுமையைக் கேட்பது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, பல நாள் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும். முன்னாளில் மாடு பூட்டிய செக்கில் அரைத்தனர். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பதும் உண்டு. பூசிய பின்னரும் அவசரம் கூடாது; மெல்லப் பூசி, மெல்லக் காயவிட்டால்தான் இறுகும். சிமெண்ட்டுக்கு ஏறத்தாழ 1,450 பாகை வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 பாகையே போதும். சுடும்போது கல்லிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவில் பெரும்பகுதியை இறுகும் காரை காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்து 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களை ஆயிரமாண்டாகத் தாங்கி நிற்பதும் சுண்ணாம்புப் பூச்சே.

செலவு கூடும் என்பதை மறைக்கவில்லை. வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது. ஆனால் பழைய ஆலயமோ பாட்டனார் கட்டிய வீடோ உங்கள் பொறுப்பில் இருந்தால், ஒப்பந்தக்காரர் மதிப்பீடு போடுமுன் உதிர்ந்த காரையில் ஒரு துண்டை எடுத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

எங்கள் ஆலயத்தில் சிமெண்ட்டை அகற்றிச் சுண்ணாம்பு பூச ஓராண்டாயிற்று. தென்சுவருக்கு வந்தபோது பணம் தீர்ந்தது. எனக்கும் மாற்றல் வந்தது. சென்ற ஆண்டு திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். மூன்று சுவர்களும் உலர்ந்திருந்தன. தென்சுவரில் அந்தப் பழைய சிமெண்ட் இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே ஈரக்கறையும் இருக்கிறது.