இறங்கி நடப்பது தோல்வியன்று

சுவிட்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் நடைபெறும் 'கிராண்ட் ரெய்ட்' எனும் மலை மிதிவண்டிப் பந்தயம் புகழ்பெற்றது. வெர்பியேயில் புறப்பட்டுக் கிரிமென்ட்ஸில் முடியும் அதன் நெடும்பாதை சுமார் 125 கிலோமீட்டர். மொத்த ஏற்றமோ ஏறத்தாழ 5,000 மீட்டர்.

பந்தயத்தின் பிற்பகுதியில் லோனா கணவாய் எதிர்ப்படுகிறது. அதன் உயரம் 2,700 மீட்டருக்கும் மேல். கடல்மட்டத்தை நோக்க, அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. பல மாதங்கள் பயின்ற வீரர்களும் அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கின்றனர். அதை எவரும் தோல்வி என்று எண்ணுவதில்லை.

அவர்களது பயிற்சியும் அத்தகையதே. தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகின்றனர்; கடும் பயிற்சிக்குப்பின் ஓய்வு கொள்கின்றனர். களைத்த தசை வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான்.

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோர், மாடிப்படியில் பாதியில் நிற்க நேர்ந்ததை எங்களிடம் வெட்கத்தோடு கூறுகின்றனர். குடும்பத்தாரும், "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்டுவிடுகின்றனர். நின்று மூச்சு வாங்குவது குறையன்று, அதுவும் பயிற்சியே. ஆயினும் நெஞ்சுவலி, தலைச்சுற்றல், ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

மற்றபடி, மருத்துவர் வகுத்த அளவில் ஏறுங்கள். உடன் வருவோர் அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.