சிஸ்டர் சொன்னால் ஆபரேஷன் நிற்குமா?

2005 மார்ச் 29. இங்கிலாந்தில் ஒரு தனியார் மருத்துவமனை. எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் தொந்தரவுக்காகச் சாதாரணமான ஓர் அறுவை சிகிச்சைக்கு வந்திருந்தார். மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களில் மூச்சுப்பாதை அடைபட்டது. மாஸ்க் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். காற்று உள்ளே போகவில்லை. தொண்டைக்குள் குழாய் செருகப் பார்த்தார்கள், அதுவும் முடியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 40 சதவீதம் வரை சரிந்தது. அறையில் மயக்கவியல் மருத்துவர்கள் இருவர், காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவர். மூவரும் அனுபவசாலிகள்.

குழாயும் நுழையவில்லை, காற்றும் போகவில்லை என்றால் கழுத்தின் முன்பக்கம் கீறி நேரடியாக மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். மயக்கவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. அன்று அது நடக்கவில்லை. மூவரும் குழாயைச் செருகுவதிலேயே இருபது நிமிடத்துக்கு மேல் மூழ்கிப்போனார்கள். இதற்குள் ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து வைத்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டுப் படுக்கை கேட்டு வைத்தார். இவ்வளவு பதற்றம் எதற்கு என்பதுபோல் மருத்துவர்கள் பார்த்த பார்வையில், மறுபடி போன் செய்து படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ்களில் சிலருக்குத் தெரிந்தே இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பின்னால் நடந்த விசாரணையில் அவர்களே சொன்னது இது.

இந்தச் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. அந்த அறையில் அறிவுக்குக் குறைவில்லை, கருவிக்குக் குறைவில்லை. தெரிந்தவர் வாயிலிருந்து செய்கிறவர் காதுக்குப் போக வழி இல்லை, அவ்வளவுதான். நல்ல மருத்துவக் குழு எது என்று கேட்டால், கூட்டு மனப்பான்மை, அர்ப்பணிப்பு என்று அடுக்குவது நம் வழக்கம். என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம்: அங்கே பதவியில் கடைசியாக நிற்கிறவர் 'நிறுத்துங்கள்' என்று சொன்னால், முதலில் நிற்கிறவர் கையை எடுக்கிறாரா?

எலெய்னின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. அவருடைய துறை இந்தப் பாடத்தை ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றிருந்தது. 1977-ல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கடைசி நேரத்தில் விமானப் பொறியாளர் கேட்டார். மூத்த கேப்டன் அதைத் தள்ளிவிட்டு வேகமெடுத்தார். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் வாய்விட்டுச் சொல்லவும் மூத்தவர் காதுகொடுத்துக் கேட்கவும் விமானத் துறையில் முறையாகப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். மார்ட்டின் அந்த மருத்துவர்களைத் தண்டிக்கச் சொல்லி அலையவில்லை. நடந்தது என்ன என்று ஆராயச் சொன்னார். அதை ஊரறியச் சொன்னார். 2007-ல் இதற்காகவே ஓர் அமைப்பையும் தொடங்கினார். மனைவியை இழந்த ஒருவர் இப்படி நிற்பதற்கு எவ்வளவு திடம் வேண்டும்!

அடுத்த ஆண்டே, 2008-ல், உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதுல் கவாண்டே. மொத்தம் 19 அம்சங்கள், மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. 2009 ஜனவரியில் முடிவுகள் வந்தபோது மருத்துவ உலகமே வியந்தது.

அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது, பார்ப்பதற்கு அற்பமாகத் தெரிகிற ஒன்று. கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்டவருக்கு, சிக்கல் வரும்போது மறுபடி வாய் திறப்பது எளிது. வயிற்று ஆபரேஷன் முடிகிற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்ஜன் தையல் போட ஊசியை வாங்கிவிட்டார். அடுத்த கேஸ் வெளியே டிராலியில் காத்திருக்கிறது. ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணிவிட்டு, 'சார், மாப் ஒண்ணு குறையுது' என்கிறார் ஸ்க்ரப் நர்ஸ். 'சரியா எண்ணுங்க சிஸ்டர்' என்ற அதட்டலோடு தையல் விழுந்தால் அது ஒருவகை மருத்துவமனை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றுக்குள் கைவிட்டுத் தேடினால் அது வேறுவகை. தேடிக் கிடைக்காமல், கடைசியில் அந்த மாப் பக்கெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும், 'சொன்னது நல்லதாப் போச்சு சிஸ்டர்' என்று சர்ஜன் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை அடுத்த ஆபரேஷனில் அந்த நர்ஸின் வாயைத் திறக்கும்.

பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் இது வராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்லா மருத்துவமனைகளிலும் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கை 2014-ல் வெளியிட்டபோது, சொல்லிக்கொள்ளும்படி இறப்பு குறையவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்தது வேறு. அங்கே தியேட்டர் ஊழியர்களைச் சேர்த்து உட்கார வைத்து, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கலந்து பேசப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் இறப்பு 18 சதவீதம் குறைந்தது. பெறாத 34-ல் 7 சதவீதம்தான். டிக் அடிப்பதற்கும் வாய்விட்டுப் பேசுவதற்கும் உள்ள தூரத்தை இந்த எண்களில் நான் பார்க்கிறேன்.

ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் கண்டது இன்னும் யோசிக்க வைக்கும். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை வார்டு வார்டாக ஒப்பிட்டார். ஒற்றுமையாக வேலை பார்க்கும் வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்தார். கணக்கில் அங்கேதான் கூடுதலாக இருந்தது. துருவிப் பார்த்த பிறகு விஷயம் புரிந்தது: அங்கே தவறை மறைக்க வேண்டிய பயம் இல்லாததால் வெளியே வந்தது. மற்ற வார்டுகளில் மெமோவுக்குப் பயந்து மூடி வைத்தார்கள். 'எங்களிடம் ஒரு தவறும் பதிவாகவில்லை' என்று மார்தட்டும் மருத்துவமனையைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கண்புரை தியேட்டரில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் அவர் ஆபரேஷன் செய்யும்போது, மற்றதில் அடுத்த நோயாளியை நர்ஸ்கள் தயார்செய்கிறார்கள். இது முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தொடங்குகிறார். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்து வந்து, அங்கேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். பார்வை அளப்பது, லென்ஸின் பவர் கணக்கிட அளவெடுப்பது, சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதில் அவர்தான் கைதேர்ந்தவர். தன் வேலையில் தனக்கு நிகரில்லை என்று தெரிந்தவருக்கு, அந்த வேலையைப் பற்றி யாரிடமும் பேசத் தயக்கம் வராது. மரியாதை அறிவுரையால் வருவதைவிட இப்படி வேலைப் பிரிவினையால் வருவது உறுதியானது.

நம் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களுக்குத் தகவல்தொடர்பும் அறநெறியும் 2019 முதல் பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. நல்லது. ஆனால் டாக்டருக்குப் படிப்பவரும் நர்ஸிங் படிப்பவரும் ஒரே வளாகத்தில் இருந்தும் தனித்தனியாகப் படிக்கிறார்கள். ஒரு அவசரத்தில்தான் முதன்முதலாகச் சேர்ந்து நிற்கிறார்கள். எட்டு மணிக்கு டூட்டி மாறும்போதுகூட நர்ஸ் நர்ஸிடமும், டாக்டர் டாக்டரிடமும்தான் ஒப்படைக்கிறார்கள்.

இதை மாற்றத் தொடங்க நல்ல இடம் பிரசவ வார்டு. பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு, ஆரோக்கியமான பெண்ணையும் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். அப்போது ஒருவர் குரல் கொடுத்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஒருவர் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒருவர் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். ஒருவர் மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். இன்னொருவர் ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு பிளட் பேங்குக்கு ஓட வேண்டும். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஒதுக்கி, பொம்மையை வைத்து இதை ஒத்திகை பார்க்கலாம், பெரிய செலவில்லை.

அந்த ஒத்திகைக்கு டாக்டரும் நர்ஸும் வந்தால் போதாது. பிளட் பேங்குக்கு ஓடப்போவது பெரும்பாலும் ஆயாம்மாவோ ஒப்பந்தப் பணியாளரோதான். எந்தக் கவுன்டரில் கொடுக்க வேண்டும், அவசரம் என்று யாரிடம் சொல்ல வேண்டும், லிஃப்ட் நின்றுபோனால் எந்தப் படிக்கட்டு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயர் ரோஸ்டரில் இருக்கிறது, பயிற்சிப் பட்டியலில் இருப்பதில்லை. ஏஜென்சி ஆள் என்றாலும் சரி, அடுத்த மாதம் வேறு வார்டுக்குப் போகிறவர் என்றாலும் சரி, அடுத்த ஒத்திகையில் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும். வழியில் எங்கே தாமதமாகிறது என்று அவரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.