பாட்சாலா தெற்காசிய ஊடக நிறுவனம்

பாட்சாலா தெற்காசிய ஊடக நிறுவனம் என்பது வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் 1998 டிசம்பரில் தொடங்கப்பட்ட, அரசு சாராத ஒளிப்படக் கல்வி நிறுவனம் ஆகும். ஒளிப்படக் கலைஞர் சாகிதுல் ஆலம் இதனை நிறுவினார். 1989 இல் அவர் தொடங்கிய திரிக் படநூலகம், அதன் கலைக்கூடம், சோபி மேளா என்னும் பன்னாட்டு ஒளிப்பட விழா ஆகியவற்றோடு சேர்த்தே இப்பள்ளியைப் புரிந்துகொள்ள இயலும். இங்குக் கற்றவர் எடுத்த படத்தைக் காட்டுவதற்கு வேறொருவரிடம் இடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. எளிய வசதி போலத் தோன்றும் இதனைக் காப்பாற்றிக்கொள்ள இந்நிறுவனங்கள் பலமுறை அரசுடன் மோத நேர்ந்தது.

பெயர்

பாட்சாலா என்பது தமிழில் வழங்கும் பாடசாலை என்னும் சொல்லே. வங்காளத்தில் அது மரத்தடியில் நடந்த பழைய கிராமப் பள்ளியை நினைவூட்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு ஒப்பிடலாம். திரிக் என்பது பார்வை எனப் பொருள்படும் வடசொல். சோபி மேளா என்றால் படத் திருவிழா.

பின்னணி

1955 இல் டாக்காவில் பிறந்த சாகிதுல் ஆலம் இங்கிலாந்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1984 இல் நாடு திரும்பி ஒளிப்படத்தைத் தொழிலாகக் கொண்டார். அக்காலத்தில் வங்காளதேசம் என்றவுடன் வெளிநாட்டு இதழ்களில் இடம்பெற்றவை வெள்ளம், புயல், பசி ஆகியவற்றின் படங்களே. அவற்றையும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கலைஞர்களே எடுத்தனர். வட அயர்லாந்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது தம் கையிலிருந்த நாணயங்களைக் கண்டு அவ்வீட்டுச் சிறுமி வியந்ததை ஆலம் தம் கட்டுரைகளில் குறிப்பிட்டுள்ளார். வங்காளதேசத்தவரிடம் காசு இருக்கும் என்பதையே அச்சிறுமி நினைத்துப் பார்த்ததில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாட்டைப் பற்றி இவ்வளவு உறுதியான கருத்து எங்கிருந்து வந்தது? அதற்குப் படங்களுக்கும் பெரும் பங்கு உண்டு என அவர் கருதினார்.

மூன்றாம் உலகம் என்ற சொல்லுக்கு மாற்றாகப் பெரும்பான்மை உலகம் என்னும் சொல்லை அவர் 1990களில் முன்வைத்ததும் இக்கருத்தின் தொடர்ச்சியே. உலக மக்களில் பெரும்பகுதியினர் வாழும் நாடுகளை மூன்றாமிடத்தில் வைப்பது கணக்குப்படியும் பொருந்தாது அல்லவா.

திரிக் படநூலகம்

படநூலகம் என்பது படங்களைச் சேமித்து, விவரக்குறிப்புகளுடன் வகைப்படுத்தி, இதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் பயன்பாட்டு உரிமையைக் கட்டணத்திற்கு வழங்கும் அமைப்பு ஆகும். படத்தின் உரிமை கலைஞரிடமே இருக்கும். இலண்டனிலுள்ள இதழாசிரியர் ஒருவர் டாக்காவில் படமெடுக்க விமானத்தில் ஆளனுப்புவதற்கு ஆகும் செலவில், டாக்காவிலேயே வாழும் கலைஞரின் பல படங்களை வாங்கலாம். ஆயினும் உள்ளூர்க் கலைஞருக்கு நுட்பமான பார்வை இராது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. அவரை அணுகும் வழியும் எளிதாக இல்லை.

இந்த இரண்டாவது தடையை நீக்கத் திரிக் மேற்கொண்ட முயற்சி கணினித் துறையினருக்குச் சுவையானது. வங்காளதேசத்தில் இணைய இணைப்பு பரவலாகும் முன்பே, 1990களில் ஃபைடோநெட் முறையில் இயங்கிய மின்னஞ்சல் சேவை ஒன்றை அது நடத்தியது. இம்முறையில் அஞ்சல்கள் உடனுக்குடன் செல்வதில்லை. ஒரு கணினியில் சேர்த்து வைக்கப்பட்டு, தொலைபேசி இணைப்புக் கிடைக்கும்போது மொத்தமாக அடுத்த கணினிக்கு மாற்றப்படும். பட நிறுவனம் ஒன்று அஞ்சல் நிலையமாகவும் விளங்கியது வியப்பே.

1994 முதல் உழைக்கும் வகுப்புக் குடும்பங்களின் குழந்தைகள் சிலருக்கு ஆலம் ஒளிப்படம் கற்பித்தார். பாட்சாலாவுக்கு முன்னோடியாக இதனையே கொள்ளலாம்.

பள்ளி

வங்காளதேசத்தில் ஒளிப்படக் கல்வி பாட்சாலாவுடன் தொடங்கவில்லை. மன்சூர் ஆலம் பேக் 1960 இல் பேகார்ட் ஒளிப்பட நிறுவனத்தையும், பின்னர் 1976 இல் உருவான வங்காளதேச ஒளிப்படச் சங்கத்தையும் வளர்த்தவர். அங்கு அழகுணர்ச்சியும் இருட்டறை நுட்பமும் சிறப்பாகப் பயிற்றுவிக்கப்பட்டன. சமூக நிகழ்வுகளை ஆழ்ந்து பதிவு செய்யும் ஆவண ஒளிப்படத்திற்கு முறையான கல்வி தேவைப்பட்டது. நெதர்லாந்தின் வேர்ல்ட் பிரெஸ் போட்டோ அமைப்பு டாக்காவில் நடத்திய பயிற்சித் திட்டத்தை ஒட்டிப் பாட்சாலா உருவானது.

பாட்சாலா வளர்த்த மரபில் தனிப் படத்தைவிட ஒளிப்படக் கட்டுரைக்கே முதலிடம். இதழியலில் ஒளிப்படக் கட்டுரை என்பது ஒரே பொருளைப் பற்றிய பல படங்களை ஒழுங்குபடுத்தி ஒரு வாதமாகவோ கதையாகவோ அமைப்பது. இடத்தைக் காட்டும் அகன்ற காட்சி, மனிதரின் முகம், கை அல்லது கருவி போன்ற நுண்விவரம், மனிதருக்கிடையேயான உறவு என ஒவ்வொரு படமும் ஒரு பணியைச் செய்யும். எடுத்தவற்றுள் பெரும்பகுதியை நீக்குவதே கடினமான பாடம். இதற்கு ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும்; அது விமானத்தில் வந்து ஒரு வாரத்தில் திரும்புபவருக்கு வாய்க்காதது.

முனெம் வாசிப்பின் பணி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தென்மேற்கிலுள்ள சாத்கீரா மாவட்டத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கடல்நீர் தேக்கப்பட்டதாலும் வேறு காரணங்களாலும் வயலும் குடிநீரும் உவர்ப்பானதை அவர் படங்களாக்கினார். இங்குப் பயின்றவரும் கற்பித்தவருமான தசுலிமா அக்தர் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தின் இடிபாடுகளில், ஒருவரையொருவர் அணைத்தபடி இறந்து கிடந்த இருவரைப் படமெடுத்தார். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் இறந்த அந்நிகழ்வின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டது அப்படமே. அவர் தொழிலாளர் அமைப்பிலும் செயற்பட்டவர் என்பதும், இறந்தோரின் பெயர்களையும் படங்களையும் திரட்டி நூலாக்கியவர் என்பதும் குறிப்பிடத்தக்கவை. சி. எம். பி. ஆகாசு, அபீர் அப்துல்லா, சர்க்கார் புரோதிக் ஆகியோரும் இங்குப் பயின்றவர்களே.

கலைக்கூடமும் தடைகளும்

2000 இல் நடைபெற்ற முதல் சோபி மேளாவின்போதே சிக்கல் எழுந்தது. 1971 விடுதலைப் போர் பற்றிய கண்காட்சி தேசிய அருங்காட்சியகத்தில் நடைபெறவிருந்தது. சில படங்களை நீக்குமாறு கேட்கப்பட்டதால், அமைப்பாளர்கள் கண்காட்சியைத் திரிக் கலைக்கூடத்திற்கு மாற்றினர். சொந்தச் சுவர் இல்லையெனில் படங்களை நீக்குவதா, கண்காட்சியைக் கைவிடுவதா என்னும் இரண்டே வழிகள் எஞ்சியிருக்கும்.

சொந்தச் சுவரும் எப்போதும் போதவில்லை. 2009 நவம்பரில் திபெத்திய அகதிகள் பற்றிய கண்காட்சியைச் சீனத் தூதரகம் எதிர்த்ததைத் தொடர்ந்து, காவல்துறை கலைக்கூட வாயிலை அடைத்தது.

2010 மார்ச்சு மாதக் கண்காட்சி இன்னும் கூர்மையான சோதனை. வங்காளதேசத்தில் 2004 இல் உருவாக்கப்பட்ட விரைவு அதிரடிப் படையினரால் கொல்லப்படுவோர், இருதரப்புத் துப்பாக்கிச் சண்டையில் சிக்கி இறந்ததாக அறிவிக்கப்படுவது வழக்கம். இதனைக் கிராசுஃபயர் என்பர். இந்தியாவில் என்கவுன்டர் என்று கூறப்படுவதை ஒத்தது. அதே பெயரில் ஆலம் அமைத்த கண்காட்சியில் சடலமோ காயமோ இல்லை. உண்மை நிகழ்வுகளின் விவரங்களிலிருந்து பெறப்பட்ட நெல்வயல் போன்ற காட்சிகள் இரவில், கைவிளக்கின் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்தன. கொலைகள் நடந்த இடங்களைக் குறிக்கும் கூகுள் நிலப்படமும் வைக்கப்பட்டது. எதனையும் நேரடியாகக் காட்டாத இப்படங்களுக்கே காவல்துறை கதவடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது. திறந்து வைக்க வந்திருந்த வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி, கலைக்கூடத்திற்கு வெளியே தெருவிலேயே கண்காட்சியைத் திறந்து வைத்தார். திரிக் உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னர் காவலர்கள் விலக்கப்பட்டனர். இக்கண்காட்சி 2012 இல் நியூயார்க்கின் குயின்சு அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது.

சோபி மேளா படங்களை மூன்று சக்கர மிதிவண்டிகளில் ஏற்றி நகர வீதிகளில் கொண்டு செல்லும் வழக்கமும் உண்டு. கலைக்கூடத்தினுள் நுழையத் தயங்குவோரை நோக்கிப் படங்களே செல்கின்றன.

2018 கைதும் அதன் பின்னரும்

2018 சூலை இறுதியில் டாக்காவில் பேருந்து மோதி மாணவர் இருவர் இறந்ததையடுத்து, சாலைப் பாதுகாப்புக் கோரி மாணவர் போராட்டம் வெடித்தது. அதனைப் படமெடுத்த ஆலம், அல் சசீரா தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணலில் அரசைக் கடுமையாகச் சாடினார். ஆகத்து 5 இரவு அவர் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 57 ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 107 நாட்கள் காவலில் இருந்தபின் நவம்பர் 20 அன்று பிணையில் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு டைம் இதழ் ஆண்டின் மனிதர்களாகத் தேர்ந்த இதழியலாளர் வரிசையில் அவரும் குறிப்பிடப்பட்டார். நிறுவனர் சிறையிலிருந்து வெளிவந்து சில மாதங்களிலேயே, 2019 இல், பத்தாவது சோபி மேளா நடைபெற்றது. அதன் கருப்பொருள் இடம் என்பதாகும்.

தான்மண்டிப் பகுதியில் நெடுங்காலம் இயங்கிய திரிக், பின்னர் பாந்தபத் சாலையில் கட்டப்பட்ட திரிக்பாத் பவனுக்கு மாறியது. இரு நிறுவனங்களின் பெயர்களையும் இணைத்தே கட்டடத்திற்குப் பெயரிடப்பட்டது. 2021 சோபி மேளா, வேலை முற்றிலும் முடியாத நிலையிலிருந்த இக்கட்டடத்திலேயே, சூன்யம் என்ற தலைப்பில் நடத்தப்பட்டது.