ஊட்டியில் பிறந்த படச்சுருள்

ஒளி பட்டதும் மாற்றமடையும் வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து பூசிய படச்சுருளை நாட்டிலேயே தயாரிப்பதற்காக 1960-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்திலிருந்து ‘இந்து’ என்ற வணிகப்பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்பனைக்கு அனுப்பியது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டபோதிலும், வடோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பழைய கேமராக்களில் இறக்குமதிச் சுருளை மாட்டிப் படமெடுக்கும் ஆர்வலர்கள் இன்றும் உள்ளனர். சுருளுக்கு 12 சதுரப் படங்களே கிடைப்பதால், ஒவ்வொன்றையும் யோசித்தே எடுக்க வேண்டியிருக்கிறது. துளையையும் வேகத்தையும் மாற்றக்கூடிய, ஆனால் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி இல்லாத கேமராவில், பளீரென்ற பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100 சுருளுக்கு லென்ஸ் துளையை எஃப் 16 எனவும், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் 125-இல் ஒரு பங்கு எனவும் வைத்தால் படம் தெளிவாகப் பதியும்.